முதலில் செய்வது, பிறகு மன்னிப்புக் கேட்பது: பெரிய அலுவலகங்களில் வேலை செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், போதனா வைத்தியசாலை, பல்கலைக்கழகம், வங்கி, சர்வதேசத் தொண்டு நிறுவனம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாதச் சம்பளம் எடுப்பவர்களில் நிறையப் பேர் இப்படியான பெரிய இடங்களில்தான் இருக்கிறோம். என்ன செய்தால் வேலை நடக்கும் என்று நமக்குத் தெரியும். செய்ய ஆளும் உண்டு, செலவும் பெரிதாக இல்லை. ஆனால் கடிதம் மேலே போய் மாதக்கணக்காகிறது. "இன்னும் பதில் வரல்ல, அடுத்த கிழமை வந்து பாருங்க" என்று சொல்லி, வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த மனிதரைத் திருப்பி அனுப்புகிறோம். அவருக்கு அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு.

அப்படித் திருப்பி அனுப்ப மனமில்லாத உத்தியோகத்தர்களுக்காக இதை எழுதுகிறேன். அனுமதி வரும்வரை காத்திராமல் வேலையைத் தொடங்கலாம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முறை தெரியாமல் இறங்கினால் விளக்கம் கோரும் கடிதம் வரும், சில வேளை அதைவிடப் பெரியதும் வரும்.

அனுமதி கேட்பதைவிட மன்னிப்புக் கேட்பது லேசு என்ற பேச்சை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கடற்படையின் ரியர் அட்மிரல் கிரேஸ் ஹொப்பர். கணினி நிரலாக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். 1952 இல் அவர் கம்பைலர் ஒன்றை, அதாவது எழுதிய நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் நிரலை, செய்து காட்டியபோது, கணினிக்குக் கணக்குப் போடத்தான் தெரியும் என்று சொல்லிப் பலரும் அதை நம்பவில்லை. 1986 இல் கடற்படை இதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், நல்ல யோசனை என்றால் செய்துவிடு என்ற கருத்தைச் சொன்னார். அவர் சொன்னதைப் பலர் பாதிதான் எடுத்துக்கொண்டார்கள். செய்துவிடு என்பது பிடித்துப்போனது. மன்னிப்புக் கேட்கும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றியதுதான்.

மேலதிகாரி ஏன் சும்மா இருக்கிறார்

முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் அனுமதி கேட்டு ஒரு கடிதம் வைத்தால், அந்த வேலையின் ஆபத்து முழுவதும் அந்தக் கடிதத்தோடு அவருடைய மேசைக்குப் போய்விடுகிறது. ஓம் என்று ஒப்பம் வைத்து ஏதாவது பிழைத்தால் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கணக்காய்வு ஐயவினா அவருக்கு வரும். வேண்டாம் என்றால் ஒன்றும் வராது. பதிலே போடாவிட்டால் இன்னும் பாதுகாப்பு. அவர் கெட்டவர் என்பதால் இப்படி நடப்பதில்லை. நல்ல மனம் உள்ளவரும் அந்தக் கதிரையில் இருந்தால் இதையே செய்வார்.

அதே மனிதரிடம் நடந்து முடிந்த, பலன் தெரிகிற, செலவில்லாத ஒரு வேலையைக் கொண்டுபோனால் கணக்கு மாறுகிறது. இப்போது அவர் எடுக்கும் ஆபத்து சின்னது. ஆபத்தின் பெரும்பகுதியை நீங்கள் சுமந்துவிட்டீர்கள். இந்த முறையின் சூட்சுமம் அவ்வளவுதான். அதனால் எவ்வளவு பாரத்தை உங்களால் சுமக்க முடியும் என்பதை முதலே அளந்துகொள்ள வேண்டும்.

முதலாவது படி: அனுமதி தேவையா என்று பாருங்கள்

உங்கள் கடமைப் பட்டியலை எடுத்து வாசியுங்கள். நியமனம் கிடைத்த நாளில் வாங்கிக் கோவையில் போட்டதற்குப் பிறகு அதைத் திருப்பிப் பார்க்காதவர்கள் நிறைய. நாம் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் வேலைகளில் பல ஏற்கெனவே நம்முடைய கடமை என்று அதில் எழுதியிருக்கும்.

காசு சம்பந்தப்பட்ட விடயம் என்றால், அரசாங்க நிதி விதிகளான நிதிப் பிரமாணங்களில் 135 இன் கீழ் அதிகாரக் கையளிப்புக் கடிதம் அலுவலகத்தில் இருக்கும். யார் அதிகாரமளிக்கலாம், யார் அங்கீகரிக்கலாம், யார் சான்றுப்படுத்தலாம், யார் கொடுக்கலாம், எந்தத் தொகை வரை என்பதெல்லாம் அதில் உண்டு. கணக்காளரிடம் கேட்டால் காட்டுவார். தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்கள் நன்கொடையாளருடனான ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு எவ்வளவு மாற்றலாம் என்று பெரும்பாலும் அதிலேயே சொல்லியிருப்பார்கள்.

அலுவலகத்தில் சுற்றறிக்கைகளை விரல் நுனியில் வைத்திருக்கும் ஒரு முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் எப்படியும் இருப்பார். அவரோடு ஒரு தேநீர் குடியுங்கள். இரண்டு மாதம் காத்திருந்து கேட்கப்போகும் கேள்விக்கு அவரிடம் ஐந்து நிமிடத்தில் பதில் இருக்கலாம்.

இரண்டாவது படி: திருப்பி எடுக்க முடியுமா

இதுதான் மிக முக்கியமான கேள்வி. நாளைக்கு யாராவது நிறுத்து என்றால், நேற்று இருந்த நிலைக்குப் போக முடியுமா?

வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாரியில் உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் வான் பாய்ந்தால் தண்ணீரெல்லாம் மட்டக்களப்பு வாவிக்கு வந்து சேரும். ஆற்றுவாயை மணல் மூடியிருந்தால் வாவி உயர்ந்து வயல் மூழ்கும். வெட்டிவிடுங்கள் என்று விவசாயிகள் கேட்பார்கள். முன்கூட்டியே வெட்டினால் மீனும் இறாலும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும் என்று வாவி மீனவர்கள் மறுப்பார்கள். இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு. அதனால்தான் அந்த முடிவு மாவட்ட மட்டத்தில் நீர்ப்பாசனம், கமநலம், மீன்பிடி எல்லாரும் கூடியிருந்து எடுக்கும் முடிவாக இருக்கிறது. ஒரு உத்தியோகத்தர் நல்லெண்ணத்தோடு, வயலைக் காப்பாற்றுவோம் என்று இரவோடு இரவாக பெக்கோ இயந்திரத்தை அனுப்பினால், மறுநாள் எந்த மன்னிப்பும் அதைத் திருப்பாது. வெட்டிய வாயை நாம் நினைத்தபடி மூட முடியாது. கடல்தான் மணலைக் கொண்டுவந்து மூட வேண்டும்.

உங்கள் வேலையிலும் இப்படி முகத்துவாரம் வெட்டும் முடிவுகள் உண்டு. பழைய கோவைகளை அழிப்பது, மரம் தறிப்பது, பயனாளிப் பட்டியலை வெளியில் ஒட்டுவது, ஒருவருக்கு வீடு கிடைக்கும் என்று வாயால் சொல்லிவிடுவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கைத் திருப்பி எடுப்பது கட்டிய சுவரை இடிப்பதைவிடக் கடினம். இவற்றுக்கு எவ்வளவு நாளானாலும் அனுமதிக்குக் காத்திருங்கள்.

அதற்கு மாறாக, அறிவித்தல் பலகை வைப்பது, வரிசையை மாற்றுவது, படிவத்தோடு நிரப்பும் முறையைச் சொல்லும் ஒரு தாளைச் சேர்ப்பது, இரண்டு பிரிவுகள் வாரத்துக்கு ஒருமுறை கூடிப் பேசுவது எல்லாம் ஒரே நாளில் திருப்பக்கூடியவை. இங்கே தைரியமாக இறங்கலாம்.

மூன்றாவது படி: தொடக்கூடாதவை

பொதுப் பணம். இதில் எந்தச் சலுகையும் இல்லை. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டத்துக்குப் பிறகு, முறைகேட்டால் ஏற்பட்ட நட்டத்தைப் பொறுப்பானவரிடமே அறவிட வழி இருக்கிறது. நட்டம் என்று வந்தால் நிதிப் பிரமாணம் 104 இன்படி விசாரணையும் நடக்கும்.

3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ கதையைப் பயிற்சிப் பட்டறைகளில் அடிக்கடி சொல்வார்கள். 1925 இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கியவர். ஒரு இயந்திரம் வாங்க அனுமதி கிடைக்காதபோது, தனக்கு 100 டொலர் வரை ஒப்பமிட இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி 99 டொலர் சிட்டைகளாகப் பிரித்து வாங்கினார் என்பது கதை. அங்கே அது ஒரு தனியார் நிறுவனத்தின் சொந்தப் பணம், முதலாளி பெருந்தன்மையாக விட்டுவிட்டார். இங்கே அரச அலுவலகத்தில் அதையே செய்தால், எல்லையைத் தப்புவதற்காகக் கொள்வனவைத் துண்டு துண்டாகப் பிரித்தது என்று கணக்காய்வு எழுதும். அப்படி எழுதுவது சரியும்தான். அந்தக் கதையைக் கேட்டு யாரும் மயங்க வேண்டாம்.

அடுத்தது, மக்களின் தனிப்பட்ட விபரங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. வேலை சுகமாகட்டும் என்று அடையாள அட்டை இலக்கங்களைச் சொந்த போனில் ஏற்றுவதும் வட்ஸ்அப் குழுவில் போடுவதும் இந்த முறைக்குள் வராது. நோயாளிகளின் பாதுகாப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும் அப்படியே. ஊடகங்களுக்குப் பேசுவதும் அப்படியே.

கடைசியாக, வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லப்பட்ட விடயம். பதில் வராதது வேறு, மறுப்பு வந்தது வேறு. மறுப்பு வந்த பிறகு செய்தால் அது கீழ்ப்படியாமை, அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின் ஒழுக்காற்று விதிகள் உள்ள இரண்டாம் தொகுதி அதற்காகவே இருக்கிறது. மறுப்புப் பிழை என்று நினைத்தால் திரும்ப எழுதுங்கள், காரணத்தோடு வாதாடுங்கள், மேன்முறையீடு செய்யுங்கள். பின்கதவால் போக வேண்டாம்.

நான்காவது படி: அனுமதி கேட்காமல் அறிவியுங்கள்

என் அனுபவத்தில் இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் செய்வதற்கும் அனுமதி கேட்டுக் காத்திருப்பதற்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. இன்ன திகதியிலிருந்து இதைச் செய்யப்போகிறேன், வேறு அறிவுறுத்தல் இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுப்பது. அவர் ஒப்பம் வைக்கத் தேவையில்லை. சும்மா இருந்தாலே வேலை நகரும். இதுவரை வேலையைத் தடுத்த அதே மௌனம் இப்போது வேலையை நடத்துகிறது.

ஒரு உதாரணம். பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவு. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த உத்தரவுப்பத்திரங்களின் கோவைகள் அலுமாரிக்குள்ளும் அலுமாரிக்கு மேலும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. தனக்குப் பின் காணிக்கு உரித்தாகும் பின்னுரித்தாளியைப் பதிய வந்த அம்மா வாங்கில் இருக்கிறா. அலுவலக உதவியாளர் கட்டை அவிழ்த்து, தூசி தட்டி, ஒவ்வொரு கோவையின் முன்மட்டையிலும் மங்கிப்போன பெயரை வாசித்துத் தேடுகிறார். இலக்கம் தெரிந்தாலும் எந்தக் கட்டில் இருக்கிறது என்று தெரியாது. எந்தக் கோவை எந்தக் கட்டில் என்று எக்செலில் ஒரு சுட்டி போட்டால் தீரும் பிரச்சினை இது. அதற்கு இப்படி எழுதலாம்:

"பொதுமக்கள் தினங்களில் காணிக் கோவைகளைத் தேடுவதில் ஏற்படும் தாமதத்தைக் குறைப்பதற்காக, எனது கடமைப் பட்டியலுக்கமைய, எதிர்வரும் திங்கட்கிழமை முதல் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவின் கோவைகளுக்கு மட்டும் சுட்டியொன்றைத் தயாரிக்க எண்ணியுள்ளேன். இது அலுவலகக் கணினியில் மாத்திரம் பேணப்படும். மேலதிகச் செலவு இல்லை. தற்போதைய பதிவேடு வழமைபோலத் தொடரும். ஒரு மாதத்தின் பின் அறிக்கை சமர்ப்பிப்பேன். வேறு அறிவுறுத்தல்கள் இருப்பின் வெள்ளிக்கிழமைக்கு முன் தெரிவிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. கடமைப் பட்டியல் என்ற சொல் உங்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. ஒரு பிரிவு மட்டும் என்பது அளவைச் சுருக்குகிறது. பதிவேடு தொடரும் என்பது, பிழைத்தால் பழைய நிலைக்குப் போகலாம் என்ற உறுதி. வெள்ளிக்கிழமை என்ற திகதிதான் கடிதத்தின் முதுகெலும்பு. அவகாசம் நியாயமாக இருக்கட்டும். அவர் லீவில் போகும் நாளைப் பார்த்து வைக்க வேண்டாம், அது கண்டுபிடிக்கப்படும், பிறகு உங்கள் கடிதங்களை யாரும் நம்பமாட்டார்கள்.

கடிதத்தை உங்களுக்கு நேர் மேலே உள்ளவர் ஊடாகவே அனுப்புங்கள். அவரைத் தாண்டிப் போனால் சுட்டியைப் பற்றிய பேச்சு போய், உங்களைப் பற்றிய பேச்சாகிவிடும். கோவையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் ஞாபகமூட்டலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அம்பாறை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விடயம். கல்முனை, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரத்தில் நாம் தமிழில் வேலை செய்கிறோம். கடிதம் அம்பாறை நகரத்துக்குப் போகும்போது வாசிப்பவர் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர். தமிழ்க் கடிதம் மொழிபெயர்ப்புக்குப் போய் உங்கள் வெள்ளிக்கிழமை தாண்டிய பிறகுதான் அவர் கையில் கிடைக்கும். அப்போது நீங்கள் அறிவித்ததாகவே ஆகாது. சிங்களப் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஐந்தாவது படி: செய்யும்போது

சின்னதாகத் தொடங்குங்கள், சொன்ன அளவுக்குள் நில்லுங்கள். ஒரு பிரிவு என்று எழுதிவிட்டு, நன்றாகப் போகிறதே என்று நான்கு பிரிவுக்குப் போனால் அறிவித்தல் செல்லாது.

முன்பு எப்படி இருந்தது என்பதைத் தொடங்குவதற்கு முன்னரே குறித்து வையுங்கள். ஒரு கோவையைத் தேட எத்தனை நிமிடம், ஒரு பொதுமக்கள் தினத்தில் எத்தனை பேர் வெறுங்கையோடு போனார்கள். பிறகு இதே எண்களைத் திரும்ப எடுங்கள். இந்த ஒரு தாள்தான் கடைசியில் உங்களுக்காகப் பேசும்.

உங்களுக்குக் கீழே உள்ளவர்களை இதில் இழுப்பதாக இருந்தால் அவர்களுக்கு எழுத்தில் பணிப்புரை கொடுங்கள். "சேர் சொன்னார், செய்தன்" என்று ஒரு தம்பி விசாரணையில் சொல்லும்போது அவரிடம் காட்ட ஒரு தாள் இருக்க வேண்டும். அலுவலக உதவியாளரின் கழுத்தை வைத்துத் தைரியம் காட்டுவது தைரியமே இல்லை.

வெள்ளமும் அவசரமும்

வெள்ளம் வந்தால் மேலே சொன்ன வரிசை மாறும். சனம் பாடசாலைக்குள் வந்து நிற்கிறது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டும், போன் கோபுரம் வேலை செய்யவில்லை. அந்த நேரத்தில் வெள்ளிக்கிழமைவரை அவகாசம் கொடுத்துக் கடிதம் எழுத முடியாது. உயிரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் அதன் கீழ் வந்த ஏற்பாடுகளும் அதற்காகவே இருக்கின்றன.

ஆனால் ஒரு கொப்பியைக் கையில் வையுங்கள். எத்தனை மணிக்கு யாருக்குப் போன் எடுத்தீர்கள், யார் பதில் சொல்லவில்லை, எத்தனை குடும்பம், எந்தக் கடையில் என்ன, எவ்வளவு. கடைக்காரரிடம் அன்றே சிட்டை வாங்குங்கள். கிராம மட்டச் சங்கத்தில் ஒருவரைச் சாட்சியாக ஒப்பமிடச் சொல்லுங்கள். தொடர்பு கிடைத்தவுடன் முதல் வேலையாகப் பிரதேச செயலாளருக்குச் சொல்லிவிட்டு, அன்று மாலைக்குள் கவரிங் அப்ரூவல், அதாவது செய்ததற்குப் பின்னான அனுமதி, கேட்டு எழுதுங்கள். தண்ணீர் வடிந்து இரண்டு கிழமை கழித்து எழுதினால் சந்தேகம் வரும், அன்றே எழுதினால் அது கடமை.

ஆறாவது படி: வதந்திக்கு முன் நீங்கள் போய்ச் சேருங்கள்

நம்முடைய ஊர்களில் செய்தி கடிதத்தைவிட வேகமாகப் போகும். உங்கள் மேலதிகாரி இதை வேறு யாரோ வாயால் கேட்டால், அதற்குப் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் சாக்குத்தான். பிழைத்தால் அன்றே போய்ச் சொல்லுங்கள், நல்லபடி முடிந்தாலும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

மறைப்பு எதில் முடியும் என்பதற்குப் பெரிய உதாரணம் பாரிங்ஸ் வங்கி. சிங்கப்பூரில் இருந்த நிக் லீசன் அதிகாரமில்லாமல் செய்த வியாபாரத்தின் நட்டத்தை 88888 என்ற கணக்குக்குள் ஒளித்துக்கொண்டே போனார். 1995 இல் 827 மில்லியன் பவுண் நட்டத்தோடு, இருநூறு வருடத்துக்கு மேல் நின்ற வங்கி விழுந்தது. முதல் நட்டம் சின்னது. அன்று சொல்லியிருந்தால் ஒரு ஆளுக்கு வேலை போயிருக்கும், வங்கி மிஞ்சியிருக்கும்.

நேரில் பேசும்போது சுருக்கமாக இருங்கள்:

"சேர், சுட்டி விடயமா திங்கட்கிழமை தொடங்கிட்டன். உங்கட பதிலுக்கு இன்னும் ஒரு நாள் பார்த்திருக்கலாம், அது என்ட பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்க. இதுவரைக்கும் செய்தது இந்தத் தாளில இரிக்கு. நிறுத்தச் சொன்னா இண்டைக்கே நிறுத்துறன்."

செய்ததைச் சொல்வது, உங்கள் பங்குப் பிழையை ஒப்புக்கொள்வது, தாளை நீட்டுவது, முடிவை அவர் கையில் கொடுப்பது. இவ்வளவும் போதும். மற்றப் பிரதேச செயலகத்தில் செய்கிறார்கள் என்று தொடங்க வேண்டாம். நீங்கள் பதில் போடவில்லையே என்றும் சொல்ல வேண்டாம், அது கோவையில் இருக்கிறது, அவருக்கும் தெரியும். மன்னிப்பு எதற்காக என்பது தெளிவாக இருக்கட்டும். முறையைத் தாண்டியதற்காக மன்னிப்புக் கேளுங்கள். மக்களுக்குச் செய்த வேலைக்காக மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

விளக்கம் கோரும் கடிதம் வந்தாலும் பதற வேண்டாம். கொடுத்த நாட்களுக்குள், கேட்ட கேள்விக்கு மட்டும், திகதி வரிசையில் பதில் எழுதுங்கள். அறிவித்தல் கடிதத்தின் பிரதியையும் முன்பின் எண்கள் உள்ள தாளையும் இணையுங்கள். கோபம் ஆறாத இரவில் எழுதியதை அனுப்பாமல், அடுத்த நாள் விடிய வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

நிறுத்து என்றால் அன்றே நிறுத்துங்கள். இங்கே இழுத்தடித்தால் அதுவரை சேர்த்த நம்பிக்கையெல்லாம் போய்விடும்.

ஏழாவது படி: வேலையை அலுவலகத்தின் சொத்தாக்குங்கள்

பலன் வந்தபின் பெயரைப் பிரதேச செயலாளருக்கும் பிரிவுத் தலைவருக்கும் கொடுங்கள். ஆய்வுக் கூட்டத்தில் அவர் அதைத் தன் அலுவலகத்தின் வேலையாகச் சொன்னால் சந்தோஷப்படுங்கள், இனி அதை நிறுத்த அவருக்கு மனம் வராது. பிறகு ஒரு அலுவலகக் கட்டளை வரச் செய்யுங்கள். கட்டளை இல்லாவிட்டால், உங்கள் இடமாற்றத்தோடு சுட்டியும் போய்விடும். வருபவர் பழையபடி கட்டை அவிழ்ப்பார்.

யார் யோசித்து இறங்க வேண்டும்

இந்த முறை எல்லாருக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. நிரந்தர நியமனமும் நல்ல பெயரும் உள்ளவர் செய்தால் துணிச்சல் என்பார்கள். ஒப்பந்த ஊழியர் செய்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம், காரணம் எங்கும் எழுதப்படாது. தகுதிகாண் காலத்தில் இருப்பவர்கள், ஏற்கெனவே ஒரு விசாரணையில் இருப்பவர்கள், அலுவலகத்தில் ஒரே ஒரு பெண்ணாகவோ தன் இனத்தில் ஒரே ஒருவராகவோ இருப்பவர்கள் எல்லாருக்கும் ஆபத்து கூட. அப்படியானவர்களுக்கு நான் சொல்வது, தனியாகப் போக வேண்டாம். நிரந்தரத்தில் உள்ள ஒரு அண்ணனோ அக்காவோ சேர்ந்து ஒப்பமிட்டால் அதே கடிதம் இரட்டிப்புப் பலத்தோடு போகும்.

இந்த வசதி உள்ள மூத்தவர்களுக்கும் மேலதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்தில் எவை செலவில்லாதவையோ, எவை ஒரே நாளில் திருப்பக்கூடியவையோ, அவற்றைக் கேட்காமலே செய்து பிறகு அறிவிக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பமிட்டு ஒவ்வொரு பிரிவுக்கும் அனுப்புங்கள். எழுதுவதற்கு ஒரு மாலை நேரம் போதும். அடுத்த பொதுமக்கள் தினத்துக்கு முன் அனுப்பிவிட முடியும்.